ஹல்ப் ட்ரை என்றால் எத்தனை மணி?

கேள்வி: ஜேர்மன் ஏ-1 (ஆரம்ப நிலை) வகுப்புக்குப் போகிறேன். "ஹல்ப் ட்ரை" என்பதற்கு மூன்றரை என்று எழுதினேன், ரீச்சர் பிழை போட்டுவிட்டார். ஹல்ப் அரை, ட்ரை மூன்று. பிறகு எப்படிப் பிழை?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அது இரண்டரை. நாங்கள் மூன்று அடித்து அதற்கு மேல் அரை மணித்தியாலம் போனால்தான் மூன்றரை என்கிறோம், ஜேர்மன்காரர் இனி வரப்போகும் மணியை வைத்துச் சொல்வார்கள், அதாவது மூன்றை நோக்கிப் பாதி வந்தாயிற்று. ஆகவே ஹல்ப் காதில் விழுந்ததும் ஒன்றைக் கழித்துவிடுங்கள். கால், முக்கால் லேசு: ஃபிர்டல் நாஹ் ட்ரை மூன்றேகால், ஃபிர்டல் ஃபோர் ட்ரை இரண்டேமுக்கால். நாஹ் பிறகு, ஃபோர் முன்.

தலை சுற்றுவது 2.25 இல்தான். "ஃபுன்ஃப் ஃபோர் ஹல்ப் ட்ரை" என்பார்கள், இரண்டரைக்கு ஐந்து நிமிடம் முன். 2.35 என்றால் ஃபுன்ஃப் நாஹ் ஹல்ப் ட்ரை. கிழக்கு ஜேர்மனியில் லைப்சிக் நகரப் பக்கம் போனால் இன்னொரு கூத்து இருக்கிறது, அங்கே வெறும் "ஃபிர்டல் ட்ரை" என்றாலே 2.15. சோதனைக்கு அது தேவைப்படாது, தெரிந்து வைத்திருங்கள். ரயில் அறிவிப்பில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, 24 மணிக் கணக்கில் "ஃபிர்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஹ்" என்று நேரே 14.30 ஐச் சொல்லிவிடுவார்கள். இரண்டு முறையும் பழக வேண்டும்.

கேள்வி: ஊர், ஷ்டுண்ட இரண்டுக்கும் அகராதியில் மணி என்றே இருக்கிறது. எதை எங்கே போடுவது?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மணி, மணித்தியாலம் என்று நாங்கள் பிரித்துத்தானே கதைக்கிறோம்? அதே கணக்குத்தான். எட்டு மணிக்கு வகுப்பு என்றால் உம் அஹ்ட் ஊர், இரண்டு மணித்தியாலம் வகுப்பு என்றால் ட்ஸ்வை ஷ்டுண்டன். ஒரு இடத்தில் மட்டும் கவனம்: அய்ன் ஊர் ஒரு மணி, அய்ன ஊர் ஒரு கடிகாரம்!

கேள்வி: கணவர் ஜேர்மனியில். நேர வித்தியாசம் சிலவேளை மூன்றரை, சிலவேளை நாலரை என்கிறார். எது சரி?
- வாசகி, தெமட்டகொட

பதில்: இரண்டும் சரி. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், ஒக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பப் பின்னுக்கு எடுப்பார்கள். இங்கே இரவு எட்டு மணி என்றால் கோடையில் அவருக்குப் பின்னேரம் நாலரை மணி (வித்தியாசம் மூன்றரை), குளிர்காலத்தில் மூன்றரை மணி (வித்தியாசம் நாலரை). வேலை முடியுமுன் கோல் எடுத்துவிட்டுப் பதில் இல்லை என்று கோபிக்காதீர்கள்.

கேள்வி: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டஸ் (இரண்டுமில்லாத பால்) எதற்கு எது என்று ஒரு விதி சொல்லுங்கள். வசனத்தில் வினைச்சொல்லும் எங்கே வரும் என்று குழம்புகிறது.
- வாசகர், மட்டக்குளி

பதில்: எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி கிடையாது. கிழமை, மாதப் பெயர்கள் டேர். 'உங்' என்று முடியும் பெயர்கள் டீ. 'ஷென்' என்று முடிந்தால் டஸ், அதனால்தான் மேட்ஷென், அதாவது சிறுமி, பெண்பால் ஆகாமல் டஸ் ஆனாள். மற்றதெல்லாம் கொப்பியில் எழுதும்போதே டேர், டீ, டஸ் சேர்த்து எழுதிப் பாடமாக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. செயப்படுபொருள் ஆனால் நாங்கள் பெயரின் வாலில் ஐ போடுவோம், அவர்கள் முன்னால் நிற்பதை மாற்றுவார்கள், அதுவும் டேர் மட்டுமே டேன் ஆகும், ஒருமையில் டீயும் டஸ்ஸும் அப்படியே இருக்கும்.

வினைச்சொல் சாதாரண வசனத்தில் இரண்டாம் இடம். "இன்று" என்று தொடங்கினாலும் அதுதான் அடுத்து வரும், "நான்" அதற்குப் பின்னால் போகும்: ஹொய்ட லேர்ன இஹ் டொய்ட்ஷ். 'வேண்டும்' என்ற பொருளில் முஸ் சேர்ந்தால் முஸ் இரண்டாம் இடத்தைப் பிடிக்க, மற்ற வினை தமிழில் வருகிற மாதிரியே கடைசிக்குப் போய்விடும்: இஹ் முஸ் உம் ஸீபன் ஊர் அவுஃப்ஷ்டேன், ஏழு மணிக்கு எழும்ப வேண்டும்.