பருத்திக் கிடங்கில் வீடு: முகப்பை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: மான்செஸ்டரில் வேலை பார்க்கிறேன். பிரின்சஸ் தெருவில், விக்டோரியா காலத்துப் பருத்தித் துணிக் கிடங்கு ஒன்றை அடுக்குமாடி வீடுகளாக்கியிருக்கிறார்கள். முதல் தளத்தில் தெருவைப் பார்த்த வீடு ஒன்றும், நான்காம் தளத்தில் பின்பக்க வீடு ஒன்றும் விலைக்கு இருக்கின்றன. பின்பக்கம் விலை குறைவு. எதை வாங்கலாம்? ஜன்னல்களை இரட்டைக் கண்ணாடியாக மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: இந்தக் கிடங்குகள் மூட்டை அடுக்க மட்டும் கட்டப்பட்டவை அல்ல, துணி வாங்க வரும் வியாபாரிகளை மயக்கும் கடைகளாகவும் இருந்தன. மோஸ்லி தெருவில் துணி வியாபாரி ரிச்சர்ட் காப்டனுக்காகக் கட்டடக் கலைஞர் எட்வர்ட் வால்டர்ஸ் 1839-இல் இத்தாலிய மாளிகை போன்ற ஒரு கிடங்கைக் கட்டினார். பிறகு ஊரே அந்தப் பாணிக்கு மாறியது. போர்ட்லண்ட் தெருவில் 1856-இல் முடிந்த வாட்ஸ் கிடங்கில் தளத்துக்குத் தளம் ஒரு பாணி! 1982 முதல் அது ஓட்டலாக இயங்குகிறது.

ஆனால் அலங்காரமெல்லாம் தெருப்பக்கத்தோடு சரி. பின்சந்தில் வெறும் செங்கல் சுவர், சுமை தூக்கும் இயந்திரம், வண்டி நிற்கும் வாசல். அடித்தளத்தில் அழுத்து இயந்திரங்கள் துணியைப் பொதிகளாக இறுக்கின; கப்பல் கூலி பருமனைப் பொறுத்தது என்பதால் இறுக்க இறுக்க லாபம். அந்தப் பொதிகளில் கணிசமான பங்கு நம் இந்தியாவுக்கு வந்தது.

துணியின் நிறத்தையும் நெசவுக் குறையையும் எரிவாயு விளக்கில் சரியாகப் பார்க்க முடியாது. அதனால் மேல்தளங்களுக்குப் பகல் வெளிச்சத்தைக் கொண்டுவரப் பெரும்பாடு பட்டார்கள். பின்சுவரில் அலங்காரம் தேவைப்படாததால் பல கட்டடங்களில் அங்கே ஜன்னல்கள் பெரியவை. ஆகவே பின்பக்கம் என்பதாலேயே ஒதுக்கிவிடாதீர்கள். ஜன்னல் பின்சந்துப் பக்கம் பார்க்கிறதா, கட்டடத்தின் நடுவே விட்ட வெளிச்சக் குழியைப் பார்க்கிறதா என்பதே கேள்வி. குழிச்சுவரில் வெள்ளை மெருகுச் செங்கல் பதித்திருந்தாலும், கீழே இறங்க இறங்க வெளிச்சம் மங்கும். இந்தக் கட்டடங்களின் ஆழம் அதிகம்; ஜன்னலிலிருந்து தள்ளியுள்ள அறைகள் நண்பகலிலும் இருட்டாக இருக்கும். மேகமூட்டமான நாளில், விளக்குகளை அணைக்கச் சொல்லிப் பாருங்கள்.

தளத்தின் பலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். துணிப்பொதிகளைத் தாங்கிய தளத்துக்கு உங்கள் சோபா பாரமே இல்லை. சத்தம்தான் தொல்லை. மரத்தளமாக இருந்து, மாற்றியமைத்தபோது ஒலித்தடுப்பைச் சரியாகச் செய்யாமல் விட்டிருந்தால், மேல்வீட்டுக் காலடி ஒவ்வொன்றும் கேட்கும். மேலே ஆளை நடக்கவிட்டுக் கேளுங்கள். வார்ப்பிரும்புத் தூண்கள் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அவற்றில் துளை போடுவதோ பற்றவைப்பதோ கூடாது. வெளிச்சுவரில் செங்கல் இடுக்குகளை சிமென்டால் அடைத்திருந்தால் உள்ளே ஈரம் தங்கும். சுண்ணாம்புக் காரைதான் அந்தச் சுவருக்கு ஏற்றது.

ஜன்னல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இந்தத் தெருவில் பல கிடங்குகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கின்றன. உங்களுடையதும் அப்படியென்றால், மாநகராட்சியின் அனுமதியின்றி ஜன்னலை மாற்றுவது குற்றம். பழைய ஜன்னலைத் தொடாமல் உட்பக்கம் தனியாக ஒரு கண்ணாடிச் சட்டம் பொருத்தலாம். குளிரும் தெருச்சத்தமும் நன்றாகக் குறையும், அனுமதி கிடைப்பதும் பெரும்பாலும் எளிது. ஆனாலும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்பக்க ஜன்னல் சந்துப் பக்கம் பார்த்தால், நான் நான்காம் தளத்தைத்தான் வாங்குவேன்.