பழைய டீசல் பிக்கப் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. பம்ப்பைக் கழற்ற வேண்டுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தித் தள்ளும் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டி. இரவு முழுக்க நின்றால் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை பிடித்துவிட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது. பம்ப்பைக் கழற்றிக் கொடுக்கும்போதே டீசல் ஸ்க்ரூவையும் (இன்ஜினுக்குப் போகும் டீசல் அளவைக் கூட்டும் திருகு) ஏற்றி இழுவையைக் கூட்டலாமா?

பம்ப்பை இப்போது தொடாதீர்கள். காலையில் செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர் பக்கம் ஒருவரை நிறுத்தி, புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால், டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் சூடு போதவில்லை. புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை, பெரும்பாலும் லைனில் ஏர் பிடித்திருக்கிறது. இன்னொரு சோதனையும் உண்டு. டாங்க் பின்னால் இருக்கும் வண்டியை, முன்பக்கம் இறக்கத்தில் இருக்கும்படி ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் சட்டென்று பிடித்தால் சந்தேகமே வேண்டாம், ஏர்தான்.

டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டாங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்ன பம்ப்) வரை உள்ள லைன் உறிஞ்சும் லைன். அதில் ஓட்டை விழுந்தால் டீசல் சொட்டுவதை விடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். வண்டி நின்றதும் அந்தக் காற்று மேலேறி, டீசல் டாங்குக்கே இறங்கிவிடும். கீழே ஈரம் இல்லையே என்று இந்த லைனை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. ஃபில்டருக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, டீசலைத் தாங்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் போட்டு ஐடிலில் பாருங்கள். சுத்தமான டீசல் அசையாதது போலத் தெரியும். ஏர் இருந்தால் பொடிக் குமிழ்கள் வரிசையாக ஓடும். குழாயை டாங்க் பக்கமாகத் தள்ளித் தள்ளிப் போட்டுப் பார்த்தால், குமிழ் எங்கே நிற்கிறதோ அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை.

பெரும்பாலும் மாட்டுவது கிளிப் அடியில் வெடித்த ரப்பர் ஹோஸ், ஃபில்டரின் ரப்பர் ரிங், கை பிரைமரின் (கையால் அழுத்தி டீசலை ஏற்றும் சின்ன பம்ப்) டயஃப்ரம், திரும்பப் பயன்படுத்திய செம்பு வாஷர். இன்ஜெக்டர்களை இணைத்து, மிச்ச டீசலை டாங்குக்குத் திருப்பும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸையும் விடாதீர்கள். நூல் பின்னிய அந்த ஹோஸ் காய்ந்து சுருங்கியிருந்தால் முழுவதையும் மாற்றுங்கள். கடைசி இன்ஜெக்டரின் மூடியும் அதே கணக்கில் வரும்.

மாற்றியபின் ப்ளீட் செய்யுங்கள், அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். ஃபில்டர் தலையில் உள்ள ப்ளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை பிரைமரை அடித்து, டீசல் வழியும்போதே முடுக்குங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் தெறித்ததும் முடுக்குங்கள். கையை அருகில் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் ஏறினால் உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். காமன் ரெயில் இன்ஜினில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும், மிக அதிக அழுத்தமுள்ள புது வகை) இந்த நட்டுகளைத் தளர்த்தவே கூடாது. செல்ஃப் ஒரு தடவைக்கு 10 முதல் 15 நொடி, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு.

வெள்ளைப் புகை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஹீட்டர் பிளக், அதாவது ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடேற்றும் பிளக். மேலே உள்ள இணைப்புப் பட்டையைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்குக்கும் பாடிக்கும் நடுவில் மல்டிமீட்டரை வையுங்கள். பட்டையைக் கழற்றாமல் அளந்தால் நல்ல பிளக் கெட்டதை மறைத்துவிடும். 12 வோல்ட் பிளக் குளிர்ந்திருக்கும்போது சுமார் 1 ஓம் காட்டும். ரீடிங்கே வராதது எரிந்துபோனது. எல்லாம் நன்றாக இருந்தால், சாவியை ஹீட் நிலையில் வைத்துப் பட்டையில் வோல்ட் பாருங்கள். எதுவும் வரவில்லை என்றால் ரிலே அல்லது ஃப்யூஸ். கெட்ட பிளக்கைக் கழற்ற முந்தின இரவே துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி வைத்து, இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது மெதுவாகத் திருப்புங்கள். அவசரப்பட்டால் உடைந்து ஹெட்டுக்குள் தங்கிவிடும். ஹெட்டை இறக்கும் வேலையாகிவிடும்.

டீசல் ஸ்க்ரூவை இதெல்லாம் சரியான பிறகுதான் யோசிக்க வேண்டும், அதுவும் டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள வண்டியில். டர்போ இல்லாத இன்ஜினில் காற்று கூடாமல் டீசலை மட்டும் ஏற்றினால் கிடைப்பது கரும்புகைதான், கொஞ்ச நாளில் பிஸ்டனும் உருகும். திருப்பியே ஆக வேண்டும் என்றால் எக்ஸாஸ்ட்டில் டர்போவுக்கு முன்னால் வெப்பமானி பொருத்துங்கள். பழைய நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்றுதான். லோடோடு மேடு ஏறும்போது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பழைய கோட்டுக்கே திருப்பிவிடுங்கள்.