வண்டி கேள்வி-பதில்: மீன் லோடு ஓடிய பிக்கப்

கேள்வி: 2012 மாடல் பொலேரோ பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது. ராமேஸ்வரத்தில் மீன் லோடு ஓடிய வண்டி. இன்ஜின் அருமை. அடியில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், பரமக்குடி)

பதில்: அந்தப் புதுப் பெயின்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரில் உப்பு இருக்கும். அது நேரே சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) மேல் இறங்கும். லோடு ஏற்றும் தொட்டிக்கும் சேஸுக்கும் நடுவே சேறும் மீன் செதிலும் அடைந்து, ஈரத்தைக் காயவே விடாது. துரு தொடங்குவது அங்கேதான், யார் கண்ணிலும் படாமல்.

வண்டியை ராம்பில் ஏற்றி, சின்ன சுத்தியலால் சேஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் நல்ல தகடு. 'டப்' என்று அமுங்கிக் கேட்டால் உள்ளே செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. பழைய ஸ்க்ரூடிரைவரால் அங்கே அழுத்திக் குத்துங்கள். பின் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) சேஸோடு சேர்த்துத் தாங்கும் ஹேங்கர் இருபுறமும், ஆக்சிலுக்கு மேல் சேஸ் வளையும் இடம், கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேரும் மூலைகள் முக்கியம். ஓனர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

ஹேங்கர் பக்கம் ஓட்டை என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கேபின் தரை, கதவு அடி, தொட்டி ஆகியவற்றில் துரு இருந்தால் அது டிங்கரிங் வேலை. விலையைக் குறைத்துக் கேளுங்கள். சேஸ் நம்பரில் பென்சில் தேய்த்துத் தாளில் அச்சு எடுத்துப் பாருங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனை) மாட்டுவீர்கள். 8 வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: சேஸின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன்மேல் தடித்த தகடு வைத்து வெல்டிங் அடித்தால் தாங்குமா? (வாசகர், தொண்டி)

பதில்: ஹேங்கரை விட்டுத் தள்ளி இருந்தால் தாங்கும், ஆனால் மேலே ஒட்டுவது வேலையே இல்லை. துருத் தகட்டில் வெல்டிங் பிடிக்காது. பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்டி எடுங்கள். புதுத் தகடு சேஸின் அதே தடிமனில் இருக்கட்டும். தடிமன் கூடினால் பலம் என்று நினைக்கிறார்கள். தடித்த தகடு வளையாது, அது முடிகிற ஓரத்தில் சேஸ் கிழியும். தகட்டைச் சதுரமாக வெட்டாமல் சாய்சதுரமாக வெட்டி மூலைகளை உருட்டுங்கள். சேஸின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கே வெல்டிங் ஓடவே கூடாது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, டீசல் டேங்கை இறக்கிவிடுங்கள். முடிந்தபின் சேஸின் துவாரங்கள் வழியாக நல்ல தண்ணீர் பீய்ச்சி உப்பைக் கழுவுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள். இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, எபாக்ஸி பிரைமர் 2 கோட், மேலே பெயின்ட், உட்புறம் மெழுகு ஸ்ப்ரே. உள்ளே பழைய இன்ஜின் ஆயில் அடிக்கும் பழக்கம் இருக்கிறதே, அது வழிந்து ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும்.

கேள்வி: பின் பிரேக் பைப் துருப்பிடித்துக் கசிகிறது. ஒட்டுப் போடலாம் என்கிறார் மெக்கானிக். (வாசகர், கீழக்கரை)

பதில்: கூடாது. ஓர் இடத்தில் கசிந்தால் மற்ற இடமும் மெலிந்திருக்கும். முழு நீளத்தையும் மாற்றுங்கள். ஃபிரிட்ஜ் காப்பர் குழாயை வளைத்துப் போடவும் விடாதீர்கள், அதிர்வில் வெடிக்கும். பிரேக் குழாய்தான் வேண்டும், முனைகள் இரட்டை மடிப்பாக. பிறகு பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு (பிரேக் மிதியோடு சேர்ந்த பம்ப்) தொலைவான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவே லோடுக்கேற்ப பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருந்தால், அதன் கம்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள். துருவில் இறுகியிருந்தால் லோடு ஏற்றிய வண்டியில் பின் பிரேக் பிடிக்காமல் போகலாம், காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம்.