ஒரு எட்டு

கேள்வி: பள்ளி விடுமுறையில் பாங்காக் போகிறோம். பிள்ளைகளுக்கு வயது 13, 8. அப்படியே காஞ்சனபுரிக்கு ஒரு எட்டு போய் குவாய் நதிப் பாலத்தைப் பார்த்துவிட்டு வரலாமா? சின்னவன் பயந்துவிடுவானோ?
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: 'ஒரு எட்டு' என்று எழுதிவிட்டீர்கள். அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பாலம் சயாம் மரண ரயில் பாதையில் இருக்கிறது; இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை, போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட பாதை அது. நீளம் 415 கிலோமீட்டர். 1942 பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்தார்கள். செத்த போர்க்கைதிகள் சுமார் 12,500 பேர். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர்; பெயர்ப் பட்டியலே வைக்காததால் இது மதிப்பீடுதான். வகுத்துப் பாருங்கள். நாலு மீட்டருக்கு ஓர் உயிர். வளர்ந்தவர் நடையில் ஐந்தாறு எட்டு.

'ஸ்லீப்பர் கட்டைக்கு ஓர் உயிர்' என்று மேடையில் முழங்குபவர்களோடு எனக்குப் பழைய சண்டை. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் கட்டைக்கு மேல் வேண்டும், கணக்கு உதைக்கும். நாளை உங்கள் மூத்த பிள்ளையே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, மற்றதையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடலாம். உள்ளதைச் சொன்னாலே நெஞ்சு அடைக்கிறதே, எதற்கு மிகை?

இன்னொரு சண்டை, 'குவாய்'. தாய்லாந்து மொழியில் அப்படிச் சொன்னால் எருமை. ஆற்றின் பெயர் 'க்வே', கிளையாறு என்று பொருள். பாலம் கட்டிய காலத்தில் அங்கே ஓடிய ஆற்றுக்கு அந்தப் பெயர்கூட இல்லை. அது மே க்லோங். 1957-ல் வந்த ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்கள் க்வே நதியைத் தேடி வரவே, 1960-ல் அந்தப் பகுதிக்கு 'க்வே யாய்' என்று பெயர் வைத்தார்கள். படம் பிடித்ததோ இலங்கையில், கித்துல்கலவில்.

அதனால் பாலத்தைக் கடைசியில் பாருங்கள். இரண்டு நாள் வேண்டும். முதலில் போர்க் கல்லறைத் தோட்டத்தை ஒட்டியுள்ள தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம். சின்னவன் கல்லறையைப் பார்த்துப் பயப்படுவதைவிட, எலும்பும் தோலுமான கைதிகளின் புகைப்படங்களைப் பார்த்துத்தான் மிரள்வான். நீங்கள் ஒருவர் மூத்த பிள்ளையோடு நிதானமாகப் பாருங்கள். மற்றவர் சின்னவனை வரைபடங்கள், கருவிகள் பக்கம் அழைத்துப் போகட்டும்.

பிறகு கல்லறைத் தோட்டம். ஏறக்குறைய 7,000 பேர். பலகைகளில் வயது பொறித்திருக்கும். பிள்ளைகள் அதைப் படிக்கட்டும். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அங்கே இல்லை. அது படைவீரர்களுக்கான இடம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லி நம் ஆட்களைக் கொண்டுபோனார்கள். கைதிகளோடு அவர்களுடைய படை மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த அதிகாரிகளும் இருந்தார்கள். ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு இரண்டும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது குழிகளில் மொத்தமாகப் போட்டு மூடினார்கள். கல்லறைத் தோட்டத்தின் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் வராராம் கோயில் இருக்கிறது. பெயர் தெரியாத தொழிலாளர்களின் நினைவிடம் அங்கே. அண்மையில் தமிழர்களுக்கென்று நட்ட நடுகல்லும் அங்கேதான். முக்கால்வாசிப் பயணிகள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மறுநாள் காலையிலேயே ஹெல்ஃபயர் பாஸ், ரயில் பாதைக்காகப் பாறையை வெட்டிப் பிளந்த இடம்; நகரிலிருந்து 80 கிலோமீட்டர். ஆஸ்திரேலிய அரசு பராமரிக்கும் மையம், அனுமதி இலவசம். படியில் இறங்குவது சுலபம். ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். தண்ணீர் எடுத்துப் போங்கள், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பாறைச் சுவரில் துளைகளின் தடம் தெரியும். ஒருவர் உளிக்கம்பியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். துளை ஆழமானதும் வெடிமருந்து. சின்னவன் அந்தத் தடத்தில் விரலை வைத்துப் பார்க்கட்டும். பயமுறுத்தாத பாடம் அது.

ரயிலில் போக வேண்டுமென்றால் பாங்காக்கின் பெரிய நிலையத்துக்குப் போய் ஏமாறாதீர்கள். வண்டி தோன்புரி நிலையத்திலிருந்து. மூன்றாம் வகுப்பு, ஏசி கிடையாது. காஞ்சனபுரியிலிருந்து கடைசி நிலையமான 'நாம் தோக்' போகையில் இடப்பக்க ஜன்னல் பிடியுங்கள்: தாம் க்ரசேயில் மரப்பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்து போகும், கீழே ஆறு. வலப்பக்கம் பாறை உரசுகிற மாதிரி வரும். கை வெளியே போகக் கூடாது.

கடைசியில் பாலம். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த பழையவை. நடுவில் வளைவில்லாமல் நேர்க்கோடுகளாக இருக்கும் இரண்டு, குண்டுவீச்சுக்குப் பின் மாற்றியவை. ரயில் வந்தால் ஓரத்துத் திட்டில் ஒதுங்குங்கள். பாலத்திலிருந்து நடக்கும் தூரத்தில் 1944-ல் ஜப்பானியப் படையே எழுப்பிய நினைவிடம் இருக்கிறது. அதன் மூலைச் சுவரில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. சின்னவன் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான் என்றால், அதை எழுத்துக்கூட்டி அவனே வாசிக்கட்டும்.