புல்தரையில் பெருச்சாளி: கொல்லாமல் விரட்ட மருந்து உண்டா?

கேள்வி: ஐயா, கூடுவாஞ்சேரி பக்கம் ஆறு சென்ட் மனையில் வீடு. போன தை மாதம் நர்சரிக்காரரே ஆளோடு வந்து, செம்மண்ணும் எருவும் கொட்டி, 500 சதுர அடிக்குக் கொரியன் புல் பதித்துக் கொடுத்தார். இரண்டு மாதமாகத் தினமும் காலையில் புல்லில் மண் குவியல் குவியலாகக் கிடக்கிறது. இணையத்தில் பார்த்து, நிலத்தில் குத்தி வைக்கிற சோலார் ஒலிக்குச்சி நான்கு வாங்கி வைத்தேன். விளக்கெண்ணெய்க் குருணையும் தூவினேன். நிற்கவில்லை. நர்சரிக்காரர் ஏதோ குருணை மருந்தை வளைக்குள் போடச் சொல்கிறார். பிள்ளையார் வாகனத்தைக் கொல்லக் கூடாது என்கிறார் மாமியார். எனக்கும் மனம் வரவில்லை. புல்லுக்குத் தினமும் சாயங்காலம் தண்ணீர் விடுகிறோம். பின்பக்கம் குழியில் சமையல் கழிவை மக்க வைக்கிறோம். நாய்க்கு வாசலில்தான் சாப்பாடு. கொல்லாமல் விரட்டுகிற நல்ல மருந்து ஒன்று சொல்லுங்கள்.
– வாசகி, கூடுவாஞ்சேரி

பதில்: அம்மா, ஒலிக்குச்சி வந்த பெட்டியை எடுத்துப் பாருங்கள். அனேகமாக அதன் மேல் ஒரு பிராணியின் படம் இருக்கும். கூர்மூக்கு, கண் இருக்கிற இடமே தெரியாத முகம், வெளிப்பக்கம் திரும்பிய அகலமான முன்னங்கால். அது அகழெலி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் புல்தரை வைத்திருப்பவர்களுக்குத் தீராத தலைவலி. நம் நாட்டில் இமயமலை அடிவாரத்திலும் வடகிழக்கிலும் உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. பெயரில்தான் எலி. மண்புழுவையும் பூச்சிப் புழுவையும் தின்று மண்ணுக்குள்ளேயே காலம் தள்ளுகிற வேறு இனம் அது. விளக்கெண்ணெய்க் குருணையும் அதற்காக அந்த ஊர்களில் விற்கிற சரக்கு. அங்கேயே அது அரைகுறையாகத்தான் பலன் தருகிறது. ராத்திரி மண்ணுக்கு மேலே வந்து உங்கள் நாயின் தட்டைக் காலி செய்துவிட்டுப் போகிற பிராணிக்கு அதைத் தூவி என்ன ஆகும்? ஒலிக்குச்சியும் அப்படித்தான். நம் ரயில் நிலையங்களில் தண்டவாளத்தை ஒட்டியே வளை போட்டுக் குடும்பம் நடத்துகிறது பெருச்சாளி. நீங்கள் வைத்த குச்சியின் 'பீப்' சத்தத்துக்கா ஓடப்போகிறது?

வளையின் அளவை நீங்கள் எழுதவில்லை. மூடிய கைமுட்டி தாராளமாக உள்ளே போனால் பெருச்சாளி. அதைவிடச் சின்ன வாய், பொடி மண்ணால் உள்ளிருந்தே அடைத்து வைத்திருந்தால் வரப்பெலி. இரண்டும் கிட்டத்தட்டச் சொந்தக்காரர்கள், கவனிக்க வேண்டிய விதமும் ஒன்றுதான். வளையே இல்லாமல் புல் மட்டும் அங்கங்கே கொத்திக் கிளறியிருந்தால் அது மைனாவோ கீரியோ புழு தேடிய வேலை. அதை விட்டுவிடலாம். குடியிருப்பு வளை எது என்று தெரிய, சாயங்காலம் எல்லா வாயையும் கசக்கிய செய்தித்தாளால் அடைத்து, மேலே லேசாக மண் தள்ளி வையுங்கள். மறுநாள் காலையில் தாள் வெளியே தள்ளிக் கிடக்கிற வளைதான் ஆள் இருக்கிற வளை. பத்து வாய் இருந்தால் இரண்டு மூன்றுதான் திறந்திருக்கும். மக்கள் பயப்படுகிற அளவுக்குக் கூட்டம் ஒரு வீட்டில் இருக்காது.

அடுத்து அந்தக் குருணை மருந்து. நர்சரிக்காரர் பெயர் சொன்னாரோ இல்லையோ, கடைகளில் பழைய பழக்கத்தில் 'குருணை' என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் போரேட். 2020 டிசம்பர் 31-லிருந்து நாடு முழுக்கத் தடை செய்யப்பட்ட நஞ்சு அது. நாய் உலவுகிற, குழந்தைகள் வெறுங்காலில் நடக்கிற புல்லில் அதைப் போடச் சொல்கிறவரிடம் இனி புல்லும் வாங்காதீர்கள், ஆலோசனையும் கேட்காதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்கும் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. வளைக்குள் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, ஈரம் பட்டதும் காற்றைவிடக் கனமான விஷவாயுவை விடும். உங்கள் வளை எங்கே போய் முடிகிறது? அஸ்திவாரத்துக்கு அடியில் என்றால் வாயு வீட்டுக்குள் வரும். 2024 நவம்பரில் உங்களுக்குப் பக்கத்துக் குன்றத்தூரில், வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும்.

மீதி இருப்பது எலி கேக். புரோமடியோலோன் கலந்த அந்தக் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல், உள்ளுக்குள் கசிந்து, நாலைந்து நாள் தள்ளாடிச் சாகும். அந்த நாட்களில்தான் கூகையும் பூனையும் சாரைப்பாம்பும் அதைச் சுலபமாகப் பிடிக்கும். விஷம் அவற்றுக்கும் போகும். பசை அட்டை இன்னும் மோசம். விலங்குகள் நல வாரியமே அதை நிறுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கொன்றே தீர வேண்டும் என்றால் எலி கேக்கைவிட, மூங்கில் வில்லால் செய்த எலிப் பொறியான தஞ்சாவூர்க் கிட்டியே கருணையானது என்பேன். டப்பென்று ஒரு நொடியில் முடிந்துவிடும். நீங்கள் கொல்ல வேண்டாம் என்கிறீர்கள், அதனால் அதை விடுங்கள்.

சரி, விரட்டுகிற மருந்து? அப்படி ஒன்று இல்லை. பினாயில், கற்பூரம், பூண்டுச் சாறு, மிளகாய்ப் புகை எல்லாம் இரண்டு ராத்திரி தாங்கும். சாப்பாடு இருக்கிற இடத்துக்கு மூன்றாம் ராத்திரி அது திரும்பி வரும். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அது ஏன் என் வீட்டுக்கு வந்தது என்பதை. அதற்கான பதிலை உங்கள் கடிதத்திலேயே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: எரு, சாயங்காலத் தண்ணீர், கழிவுக் குழி, நாய்ச் சாப்பாடு.

இதில் எனக்கு அதிகம் கோபம் வருவது எருவின் மேல். புல்தரை போடுகிற ஆட்களில் நான் பார்த்த முக்கால்வாசிப் பேர், மாட்டுக் கொட்டகையில் நேற்று அள்ளிய சாணக்குப்பையைச் செம்மண்ணோடு கலந்து கொட்டி, மேலே புல் தட்டைகளை வரிசையாகப் பதித்து, உருளையை ஓட்டிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். முதல் ஒரு மாதம் புல் பச்சைப் பசேலென்று நிற்கும். பச்சைச் சாணத்தில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அதன் புழு கட்டைவிரல் பருமன் வரும், குப்பையைத் தின்னும். கோடை மழைக்குப் பிறகு கிளம்புகிற வேர்ப்புழு வண்டுகளுக்கும் ஈரமான, குப்பை கலந்த, பொலபொலவென்ற மண் என்றால் கொண்டாட்டம். அதன் புழு இதைவிடச் சின்னது, ஆனால் புல் வேரையே அறுக்கும். பெருச்சாளிக்கு இரண்டும் விருந்து. தோண்டுவதற்கும் மெத்து மெத்தென்ற மண். இப்படி விருந்தும் வைத்து வீடும் கட்டிக் கொடுத்த அதே ஆள்தான் பிறகு குருணையும் விற்க வருகிறார். உங்கள் வீட்டில் தென்னை இருந்தால் இன்னொரு செலவும் உண்டு. அந்தக் கட்டைவிரல் புழு நாளைக்கு வண்டாகி, தென்னங்குருத்தில் ஏறித் துளை போடும்.

என் சந்தேகம் சரியா என்று நீங்களே பார்க்கலாம். புல் பழுத்திருக்கிற இடத்தில் ஓர் அடிச் சதுரத்துக்கு மூன்று பக்கம் கத்தியால் வெட்டி, நான்காவது பக்கமாகச் சுருட்டுங்கள். வேர் அறுந்த புல் பாய் மாதிரி சுருண்டு வரும். அடியில் இரண்டு அங்குலம் கிளறுங்கள். வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, கேள்விக்குறி போல வளைந்து படுத்திருக்கும் புழு நாலைந்துக்கு மேல் கிடந்தால் உங்கள் முதல் வேலை அதுதான், பெருச்சாளி இல்லை. கையில் அகப்படுவதைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மெட்டாரைசியம் என்ற பூஞ்சைத் தூளை வாங்கி, நன்றாக மக்கிய தொழுவுரத்தில் கலந்து, பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்குத் தூவித் தண்ணீர் விடுங்கள். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்த பழைய சரக்கில் பூஞ்சை செத்திருக்கும், வெறும் மாவுதான் மிச்சம். வேப்பம் பிண்ணாக்கும் உங்கள் புல்லுக்கு ஐந்து கிலோ போடலாம். கோடை மழை பெய்த அன்று சாயங்காலம் வேப்ப மரத்தில் வண்டு மொய்க்கும். உலுக்கிப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் அடுத்த வருடப் பாடு பாதி குறையும்.

மக்கிய எரு என்றால் எது? விற்கிறவர் சொல்வது எல்லாம் மக்கியதுதான்! குவியலுக்குள் ஒரு குச்சியை முழங்கை ஆழம் செருகிக் கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். சூடு இருந்தால் வேண்டாம். கையில் அள்ளினால் சாண வாடை வரக் கூடாது, மழை பெய்த மண்ணின் வாசம்தான் வர வேண்டும். வைக்கோல் முழுசாகத் தெரியக் கூடாது. வருடத்தில் இரண்டு தடவை, சலித்த எருவைப் புல்லின் நுனி மறையாத அளவுக்கு மெல்லிசாகத் தூவினால் போதும். ஆறு மாதம் குப்பை மக்கக் காத்திருக்க முடியாதவர்கள் புல்தரையே போட வேண்டாம் என்பது என் கட்சி. நர்சரிக்காரர்கள் என் மேல் கோபப்படுவார்கள், பரவாயில்லை.

தண்ணீரைக் காலையில் விடுங்கள், தினமும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு, கடும் வெயிலில் மூன்று முறை, ஆழமாக இறங்கும்படி. சாயங்காலம் நனைத்த மண்தான் ராத்திரி தோண்டத் தோதானது. நாய்த் தட்டை இருட்டுவதற்கு முன் கழுவி உள்ளே எடுத்துவிடுங்கள். இது புல்லுக்காக மட்டும் இல்லை. எலி மூத்திரத்தில் பரவுவதுதான் எலிக்காய்ச்சல், நாய்க்கும் வரும். வருடாந்திரத் தடுப்பூசியில் அதற்கும் சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். வளை மண்ணை வெறுங்கையால் அள்ளாதீர்கள், கையுறை போடுங்கள். கழிவுக் குழிக்கு அடியிலும் பக்கத்திலும் கம்பி வலை போட்டு, கனமான மூடி வையுங்கள்.

இதையெல்லாம் செய்து இரண்டு வாரம் பொறுங்கள். பல வீடுகளில் அதுவே போய்விடும். போகவில்லை என்றால் மட்டும் கூண்டு. கடையில் கிடைக்கிற சின்ன எலிக்கூண்டு வேண்டாம். மூக்கிலிருந்து வால் நுனி வரை பெருச்சாளி இரண்டடிக்குக் கிட்ட வரும். பாதி உடம்பு வெளியே இருக்கும்போது கதவு விழுந்தால், கொல்ல வேண்டாம் என்று நினைத்த நீங்களே இடுப்பை நசுக்கியவர் ஆவீர்கள். இரண்டரையடிக் கம்பிக் கூண்டாக வாங்குங்கள். முதல் மூன்று நாலு ராத்திரி கதவைக் கட்டித் திறந்தே வைத்து, சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாட்டுத் துண்டோ வையுங்கள். பயமில்லாமல் தின்று பழகிய பிறகு கதவைப் பொருத்துங்கள். விடிவதற்குள் போய்ப் பாருங்கள், வெயிலில் கூண்டிலேயே வெந்து சாகவிடாதீர்கள்.

மாட்டியதும் சாக்கைப் போட்டு மூடுவதற்கு முன் கீழே குனிந்து அடிவயிற்றைப் பாருங்கள். காம்புகள் துருத்திக்கொண்டு, சுற்றி முடி தேய்ந்திருந்தால் பால் கொடுக்கிற தாய். அதைத் தூக்கிக்கொண்டு போனால் வளைக்குள் குட்டிகள் பட்டினியில் சாகும். அங்கேயே திறந்துவிட்டு ஒரு மாதம் பொறுத்து மறுபடி பிடியுங்கள். மற்றதை எங்கே விடுவது? ஏரிக்கரையில் விடாதீர்கள். கரையில் வளை விழுந்தால் மழைக்காலத்தில் அந்த வழியாகத்தான் உடைப்பு எடுக்கும். வயல் பக்கம் விட்டால் உங்கள் தொல்லையை இன்னொரு விவசாயி தலையில் கட்டுகிறீர்கள். முட்புதர் மண்டிய தரிசில், அந்தி நேரத்தில் விடலாம். ஆனால் புது இடத்தில் விட்ட பெருச்சாளி பெரும்பாலும் பிழைக்காது. இணையத்தில் இதைக் கருணை என்று விற்கிறார்கள், எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அதனால்தான் கூண்டைக் கடைசியில் வைத்தேன்.

நிரந்தர வேலை மண்ணுக்குள் இறக்கும் கம்பி வலைதான். செய்தித்தாள் வைத்துப் பார்த்து, மூன்று நாள் ஒரு வளையும் திறக்கவில்லை என்று உறுதியான பிறகு வளைகளை ஜல்லியும் மண்ணுமாகக் குத்தி அடையுங்கள். திறந்து கிடக்கிற வளையில் நல்லபாம்பு வந்து குடியேறும், அதற்காகவும் தாமதிக்க வேண்டாம். பிறகு புல்லின் ஓரத்தில், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அரை அங்குலக் கண் உள்ள கால்வனைஸ் வெல்டு மெஷ் இறக்கச் சொல்லுங்கள். அடியில் ஓர் அடியை, பெருச்சாளி வருகிற பக்கமாக மடக்க வேண்டும். சுவரை ஒட்டித் தோண்டி வரும் பெருச்சாளி மடித்த கம்பியில் மோதும். பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. கோழி வலை வேண்டாம், இரண்டு மழையில் துருப்பிடித்துவிடும். மழைநீர் வெளியேறும் குழாய் வாய்க்கெல்லாம் இரும்புச் சல்லடை போடுங்கள். ஐப்பசி மழையில் பள்ளத்து வளைகளில் தண்ணீர் ஏறியதும் பெருச்சாளிகள் மேட்டைத் தேடி வரும், அதற்கு முன் புரட்டாசிக்குள் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். கொத்தனார் குழியை மூடுவதற்கு முன் நீங்களே நின்று மடிப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். உள்பக்கமாக மடித்து மூடிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.