மலையா, மாலையா?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். வயது 51. கல்லூரியில் படிக்கும் என் மகள் வற்புறுத்தியதால், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையின் மாடியில் நடந்த ராக் நிகழ்ச்சிக்குப் போனேன். பாடியவர்கள் உள்ளூர்ப் பையன்கள் நான்கு பேர். கேட்க வந்தவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். எட்டு ஆங்கிலப் பாட்டுகளுக்குப் பிறகு, அவர்களே எழுதிய தமிழ்ப் பாட்டுகள் இரண்டைப் பாடினார்கள். ஒரு வரிகூட எனக்கு முழுதாக விளங்கவில்லை. மறுநாள் மதியம்வரை காதில் வண்டு ரீங்கரிப்பதுபோல் இருந்தது. ஒரு தமிழ்ப் பாட்டில் பல்லவி முடிகிற இடத்தில் ஒரு சொல்லை நான்கு தட்டுக்கு நீட்டினார்கள். அது 'மாலை' என்பது என் கட்சி, 'மலை' என்பது மகளின் கட்சி. வீடு வந்து சேரும்வரை இதே வழக்கு.

மேல்நாட்டாரைப் பார்த்துச் செய்யும் நகலுக்கு நம் ஊரில் என்ன வேலை? நல்ல ஒலியில் பாட்டுக் கேட்க வீட்டிலேயே வழியிருக்கும்போது, ஒரு சின்ன அறைக்குள் போய் ஏன் அடைபட வேண்டும்? மகள் அடுத்த மாதமும் கூப்பிடுகிறாள். போகலாமா?

கே., சேலம்

அன்புள்ள கே.,

வழக்கை முதலில் முடித்துவிடுவோம். அந்தப் பாட்டை நான் கேட்டதில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மகள் சொல்வது அவர்கள் எழுதிய சொல், நீங்கள் சொல்வது அவர்கள் பாடிய சொல் என்றே எனக்குப் படுகிறது. தாளில் 'மலை' என்று இருந்திருக்கும். மெட்டு நான்கு தட்டுக்கு நீளும்போது பாடகர் முதலெழுத்தைப் பிடித்து இழுத்திருப்பார். குறில் நீண்டால் நெடிலாகிவிடும் மொழியில் அது 'மாலை' ஆகாமல் வேறு என்ன ஆகும்? ஆங்கிலப் பாட்டில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அங்கே சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதே பெரிது; அது சரியாக விழுந்துவிட்டால் உயிரொலியை எவ்வளவு இழுத்தாலும் சொல் பெரும்பாலும் அதே சொல்லாகவே இருக்கும். ராக் இசையின் தாளமும் அந்த அழுத்தத்தை நம்பியே அமைந்தது. நான்கு தட்டில் இரண்டாவதும் நான்காவதும் ஸ்னேர் என்னும் சடசடக்கும் சின்ன டிரம்மில் ஓங்கி விழுவதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அந்தத் தாளத்தில் தமிழை உட்காரவைக்கப் பார்க்கும் பையன், தான் அறியாமலே, 'மலை' என்னும் ஒற்றை நிரையசையை 'மா', 'லை' என்று நேர் நேராக, இரண்டு அசைகளாக உடைத்து, ஓசையோடு பொருளையும் மாற்றிவிடுகிறான். கல் காலாவதும், பல் பாலாவதும், வழி வாழியாவதும் இப்படித்தான்.

நம் நாட்டுப்புறப் பாடகர்கள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். தாலாட்டில் இழுபடுவது 'ஆராரோ', படகுப்பாட்டில் 'ஏலேலோ', தெம்மாங்கில் 'தன்னானே'. குரல் நீளப்போகும் இடம் தெரிந்து அங்கே நெடிலை நட்டுவைத்திருக்கிறார்கள். நெடில் நீளலாம், அதற்கு அளபெடை என்று இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பையன் 'மலையே' என்று எழுதி ஏகாரத்தைப் பிடித்து இழுத்திருந்தால், நான்கு தட்டு என்ன, எட்டுத் தட்டுக்கும் மலை அசையாமல் நின்றிருக்கும்.

மூன்றாவதாக ஒருவர் எழுந்து அது 'மழை' என்று சொல்லியிருந்தாலும் நான் வியந்திருக்க மாட்டேன். பேச்சில் உயிரொலிகளுக்கு வலு அதிகம், மெய்யொலிகளுக்குக் குறைவு. அந்த மெலிந்த மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக்காட்டும் உயர்ந்த அதிர்வெண்களில்தான், ஏறத்தாழ 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில், டிஸ்டார்ஷன் போட்டு ஒலியைக் கரகரப்பாக்கிய கிடாரும், டிரம்மோடு இருக்கும் சிம்பல் என்னும் உலோகத் தட்டும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. லகரமும் ழகரமும் அந்த நெரிசலில் அடையாளம் இழந்துவிடும். ஆகவே உங்களுக்கு வரிகள் விளங்காமல் போனதற்கு உங்கள் வயது காரணம் அல்ல. (மகள் அப்படிச் சொல்லியிருந்தால் இந்தப் பத்தியை அவரிடம் காட்டலாம்.)

அறையின் பங்கும் இதில் உண்டு. சின்ன இடத்தில் டிரம்முக்கு மைக் வேண்டியதில்லை. அது தன் சொந்தச் சத்தத்திலேயே அறையை நிரப்பிவிடும். அதற்குச் சமமாக கிடார்க்காரர் தன் ஆம்பின், அதாவது ஒலிபெருக்கியின், சத்தத்தை ஏற்றுவார். பாடகரின் குரல் மட்டும்தான் மைக்கை நம்பியிருக்கிறது; ஆனால் மைக்கை ஓர் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது, ஏனெனில் ஸ்பீக்கர் பாக்ஸிலிருந்து வரும் ஒலி மறுபடியும் மைக்குக்குள் புகுந்து, அது மறுபடியும் பாக்ஸ் வழியாக வந்து, சில நொடிகளில் ஊளையாக முடியும். எனவே குரல் எப்போதும் மற்றவற்றுக்கு ஒரு படி கீழேயே நிற்கிறது. இத்தகைய அறையில் சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்சரில் உட்கார்ந்திருப்பவர் கையில் இல்லை, டிரம் வாசிப்பவரின் மணிக்கட்டில் இருக்கிறது. அனுபவம் உள்ளவர் ஸ்னேரின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டுவிட்டு வாசிப்பார். இருபது வயதுக்காரரிடம் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் கடினம்.

சிமெண்டுச் சுவர், கண்ணாடி ஜன்னல், தகரக் கூரை மூன்றும் ஒலியைத் திருப்பி அடிப்பவை. அதை வாங்கி விழுங்கக்கூடியவை அந்த மாடியில் மனித உடல்களும் அவற்றின் மேலுள்ள துணியும்தான். காலி அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு சவுண்ட் செக் என்னும் ஒலிச் சோதனை செய்துவிட்டு, இரவு ஏழு மணிக்கு ஆள் நிறைந்ததும் எல்லாவற்றையும் மறுபடி திருத்தவேண்டி வருவது இதனால்தான். நீங்கள் ஒரு மூலையில் நின்றிருந்ததே அந்த ஒலியைக் கொஞ்சம் சீராக்கியிருக்கிறது; முப்பது பேருக்குப் பதில் எழுபது பேர் வந்திருந்தால் பாட்டில் இன்னும் சில வரிகள் உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

காதில் வண்டு ரீங்கரித்த விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெசிபெலுக்கும் நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழிலிட உடல்நல ஆய்வு நிறுவனமான நையாஷின் கணக்கு. நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்தால் 100 டெசிபெலுக்கு வெறும் 15 நிமிடம்தான் மிஞ்சும். டிரம்முக்குப் பக்கத்தில் நின்றால் 100 சாதாரணமாக வந்துவிடும். பஞ்சை உருட்டி வைப்பதால் பயன் அதிகம் இல்லை. நுரை ரப்பரில் செய்த காதடைப்பானை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், மகளுக்கும் ஒரு ஜோடி. நான் இதை மிகத் தாமதமாகக் கற்றேன். என் இடது காதில் அந்த வண்டு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

நகல் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஐரோப்பாவிலிருந்து வந்த வயலின் கர்நாடகக் கச்சேரியில் இடம்பிடித்த கதையைச் சொல்லி உங்களை மடக்கலாம்; எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், எனக்கு அதில் நிறைவு இல்லை. அந்த எட்டு ஆங்கிலப் பாட்டுகள் நகல்தான். கல்யாண மண்டபத்தில் நம் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் சினிமாப் பாட்டை இடையிசை பிசகாமல் வாசிப்பதும் நகல்தான், அதை நாம் திறமை என்று கொண்டாடுகிறோம். கடைக்காரருக்கு நாற்காலி நிறையவேண்டும். வந்தவர்கள் தெரிந்த பாட்டைக் கேட்பார்கள். ஆகவே எட்டுக்கு இரண்டு என்ற கணக்கு அவர்கள் வயிற்றுப்பாட்டின் கணக்கு. நியூயார்க்கின் பவரி தெருவில் 1973 முதல் 2006 வரை நடந்த சிபிஜிபி என்ற கிளப்பில், அதன் உரிமையாளர் ஹில்லி கிரிஸ்டல் சொந்தப் பாட்டுகளையே பாடவேண்டும் என்று விதி வைத்திருந்தார். பிறர் பாட்டுக்கு உரிமைத்தொகை கட்டுவதைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்தார் என்றும் சொல்வார்கள். நோக்கம் எதுவானாலும், அந்த நீண்ட குறுகலான அறையிலிருந்து ரமோன்ஸ் போன்ற குழுக்கள் தங்கள் சொந்தப் பாட்டோடு வெளியே வந்தன. சேலத்துக் கடைக்காரர் ஒருவர் அந்த விகிதத்தை ஐந்துக்கு ஐந்தாக மாற்றினால் போதும் என்பது என் நெடுநாள் ஆசை.

மது விற்காத இடத்தில் இதெல்லாம் நிலைக்காது என்று நண்பர்கள் சொல்வதுண்டு. பெங்களூரில் மேடைக்குப் பணம் பாரிலிருந்து வருகிறது என்பது உண்மை. ஆனால் லிவர்பூல் நகரத்தில் 1961 முதல் 1963 வரை பீட்டில்ஸ் 292 முறை வாசித்ததாகச் சொல்லப்படும் கேவர்ன், ஒரு கிடங்கின் நிலவறை. அந்நாளில் அங்கே மது கிடையாது. அலுவலகப் பெண்களும் கடைப் பையன்களும் மதிய இடைவேளையில் இறங்கி வந்து, தேநீரும் குளிர்பானமும் குடித்துக்கொண்டு கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். நம் காபிக் கடை மாடிக்கு பெங்களூர் பாரைவிட அந்த நிலவறைதான் நெருங்கிய உறவு. இரவு பத்து மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதி. ஒன்பதரைக்குள் முடித்துவிடுவதால் உங்களைப்போன்றவர்களுக்குக் கடைசிப் பேருந்தும் கிடைக்கிறது.

இந்தப் பையன்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்றும் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு டிரம்மர், சனிக்கிழமை இரவு ராக் வாசித்துவிட்டு ஞாயிறு காலை தேவாலய ஆராதனையில் அதே கைகளால் அடக்கி வாசிப்பார். தை மாதம் முழுவதும் ஆர்கெஸ்ட்ராவோடு மண்டபம் மண்டபமாகச் சுற்றுவார். அவர் வாசிக்கும் ஓர் உருட்டில் மூன்று இடமும் கலந்திருக்கும். அதை லண்டன்காரர் யாரும் வாசிக்க முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில், ஏரிக்குக் கொஞ்சம் மேலே ஒரு விடுதியின் புல்தரையில், ஒரு பேண்டோடு பறை இசைக்கும் கலைஞர் ஒருவரும் சேர்ந்து வாசித்ததைக் கேட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிவந்த கிடார்கள், குளிரில் கம்பி இறுகிச் சுருதி ஏறிக்கிடந்தன. ஒருவர் முறுக்காணியைத் திருகித் திருகி அலுத்துப்போனார். டிரம்மின் மேலே பிளாஸ்டிக் தோல், அதற்குப் பனி ஒரு பொருட்டே இல்லை. பறையின் மாட்டுத்தோலோ ஈரத்தில் தளர்ந்து, அடித்தால் பொத்தென்று விழுந்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். தீ மூட்ட வேண்டும் என்றார். புல்தரை கருகிவிடும் என்று விடுதி மேலாளர் மறுத்தார். பத்து நிமிடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு சமையற்கட்டிலிருந்து ஓர் இரும்புச் சட்டியில் கரி வந்தது. அவர் குந்தி உட்கார்ந்து பறையைத் தீயின் மேல் மெல்லச் சுழற்றினார், விரல் நுனியால் சுண்டிப் பார்த்தார், மறுபடி சுழற்றினார். மூன்றாவது சுண்டலில் ஓசை கணீரென்று எழும்பியது. கிடார்க்காரர்கள் இருவரும் தங்கள் கருவிகளைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் அருகில் வந்து நின்று, அந்தப் பறையின் ஓசைக்கு ஒத்துவருமாறு தங்கள் சுருதியை இறக்கிக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் ஒரு நாற்பது பேர். பெரிய திடலில் இதெல்லாம் மேடைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் முடிந்திருக்கும். கானாவையும் பறையையும் ராக்கையும் ஒரே மேடையில் ஏற்றி 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் அறிமுகமான தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதன் அளவும் வீச்சும் வேறு. எங்கள் நாற்பது பேர் மலைக்கூட்டம் அதற்கு ஒப்பாகாது. நான் சொல்லவந்தது அந்தக் கரிச்சட்டியைப் பற்றி மட்டும்.

வீட்டில் நல்ல ஒலியில் கேட்கலாமே என்றீர்கள். இளையராஜாவைக் கேட்கலாம், நானும் கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பையன்களின் அந்த இரண்டு பாட்டுகள் எந்தப் பதிவிலும் இல்லை. பதிவில் இருந்திருந்தாலும் அவை இன்னும் முடியாத பாட்டுகள். ஒரு பேண்டை ஓராண்டில் மூன்று முறை இதே சேலத்தில் கேட்டேன். முதல் முறை ஒரு பாட்டின் நடுவே கிடார் தனியாக நெடுநேரம் உருண்டது. நிகழ்ச்சி முடிந்து கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் ஓர் அம்மாள் போய், "தம்பி, அந்த இடத்துல பாட்டு எங்க போச்சுன்னே தெரியலப்பா" என்றார். அவர் முகம் சுண்டிப்போனது. இரண்டாம் முறை அந்தப் பகுதி பாதியாகக் குறைந்திருந்தது; மூன்றாம் முறை அங்கே நான்கே சுரங்கள், அடுத்த நொடி சரணம். கைக்கெட்டும் தூரத்தில் நின்றால்தான் ஒருவர் இப்படிச் சொல்ல முடியும், மற்றவர் அதைக் கேட்டாக வேண்டும்.

ஆகவே, அடுத்த மாதம் போங்கள். டிரம்முக்கு எதிரில் நிற்காமல், மிக்சர் வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் தன் காதுக்குச் சரிசெய்வது உங்களுக்கும் சரியாக இருக்கும். இடைவேளையில் பாடகரிடம் அந்த ஏகாரத்தைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். அவரே அதை ஏற்கெனவே மாற்றியிருக்கலாம். அல்லது, "இல்ல சார், நாங்க எழுதினதே மாலைதான்" என்று சொல்லி என் முதல் பத்தியைக் கவிழ்த்துவிடவும் கூடும். எதுவானாலும் எனக்கு எழுதுங்கள். மகளிடம் தீர்ப்பை ஒத்திவைத்திருப்பதாகச் சொல்லுங்கள்.