பித்தளை லேம்ப் எரியுது, சரி... தொட்டா?

கேள்வி (கும்பகோணத்துல இருந்து ஒரு வாசகி): சார், பரண் சுத்தம் பண்றப்போ எங்க தாத்தாவோட பித்தளை டேபிள் லேம்ப் கெடச்சுது. மெட்ராஸ் மூர் மார்க்கெட்ல வாங்குனதுன்னு அம்மா சொல்வாங்க. வயர் மேல துணி சுத்தியிருக்கு, லேசா வளைச்சாலே உள்ள இருந்து கறுப்பா பொடி கொட்டுது. ரெண்டு பின் பிளக்தான். தெரிஞ்ச எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டா "இதுக்குப் போயி யாரும்மா வருவா, புதுசு வாங்கிக்கோங்க"ன்னுட்டார். நானே வயர் மாத்தலாமா? வீட்ல அயர்ன் பாக்ஸுக்கு பிளக் எல்லாம் நான்தான் மாட்டுவேன்.

பதில்: தாராளமா மாத்தலாம்மா, அயர்ன் பாக்ஸுக்கு பிளக் மாட்டுன கைக்கு இது பெரிய வேலை இல்ல. ஆனா ஒண்ணு, "சும்மா எரியுதான்னு பாப்போம்"னு அந்தப் பழைய வயரோட ஒரு தடவைகூட சொருகிடாதீங்க. மூர் மார்க்கெட் 1985-ல எரிஞ்சே போச்சு, அப்போ உங்க லேம்ப்புக்கு குறைஞ்சது 40 வயசு. அந்தத் துணிக்கு உள்ள இருக்கறது ரப்பர், அது வயசானா காஞ்சு வெடிச்சு உதிர்ந்துடும், நீங்க பாத்த கறுப்புப் பொடி அதுதான். வெளிய தெரியற இடத்துலயே அப்படின்னா பித்தளைக் குழாய்க்குள்ள செம்பு அப்படியே அம்மணமா படுத்துட்டு இருக்கும், அதுல ஒரு இழை பித்தளைல பட்டாலும் போதும், லேம்ப் மொத்தமும் 230 வோல்ட் ஆயிடும், பல்பு மட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி ஜம்முனு எரிஞ்சுட்டு இருக்கும். அதனால எரியுதா இல்லையாங்கறத வச்சு இந்த வேலைய எடை போடாதீங்க.

இத நான் பட்டுதான் கத்துக்கிட்டேன். கடை போட்ட புதுசுல இதே மாதிரி ஒரு பித்தளை லேம்ப்புக்கு வயர் மாத்தி, எரிய வச்சு காட்டி, காசும் வாங்கிட்டேன், ரெண்டு மாசம் கழிச்சு அந்த அம்மா தூக்கிட்டு வந்து "தம்பி, துடைக்கப் போனா சுருக்குனு இழுக்குது"ன்னாங்க. அடியில வயர் நுழையற ஓட்டைல நான் புஷ் போடல, அதாவது விளிம்பு வயரை அறுக்காம இருக்க மாட்டற ரப்பர் வளையம். லேம்ப்ப இங்கயும் அங்கயும் நகர்த்த நகர்த்த அந்தத் தகரம் மாதிரி விளிம்பு வயரை அறுத்திருக்கு. தப்பு முழுக்க என்னுதுதான். அன்னைலேர்ந்து எந்த லேம்ப்ப கையில எடுத்தாலும் மொதல்ல ஓட்டைலதான் விரல விட்டுப் பாப்பேன்.

கடைல என்ன கேக்கணும்னா, த்ரீ கோர் ஃப்ளெக்ஸிபிள் வயர் (ஒரே தோலுக்குள்ள பிரவுன், நீலம், எர்த்துக்குப் பச்சை மஞ்சள்னு மூணு வயர்), 0.75 ஸ்கொயர் எம்எம், ரவுண்டு, ரெண்டு மீட்டர். கவுன்ட்டர்ல பழைய ஆள் இருந்தா "23/76"னு சொன்னாலே புரிஞ்சுக்குவார், 0.0076 இஞ்ச் தடிமன்ல 23 இழைன்னு அந்தக் காலத்து இஞ்ச் கணக்கு. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 694-ங்கற நம்பரும் வயர் மேலயே அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க. 60 வாட்ஸ் குண்டு பல்புகூட கால் ஆம்பியர்தான் இழுக்கும், அப்புறம் எதுக்கு இவ்ளோ தடிமன்னு கேப்பீங்க, இது கரண்டுக்காக இல்ல, இழுபடறதுக்கும் மிதிபடறதுக்கும் தாங்கணும்ல அதுக்கு. அப்புறம் 6 ஆம்ப்ஸ் த்ரீ பின் டாப் (பிளக்கத்தான் சொல்றேன்), ஒரு புது ஹோல்டர், ஓட்டைக்கு ஏத்த ரப்பர் புஷ், எர்த்துக்கு ரிங் லக் ஒண்ணு (வயர் நுனில அமுக்கி நட்டுல மாட்டற வளையம்), கொஞ்சம் பிவிசி ஸ்லீவ் (வயர் மேல மாட்டற பிளாஸ்டிக் குழாய்). பழைய ஹோல்டர் அழகா இருக்குன்னு வச்சுக்காதீங்க, குண்டு பல்பு சூட்டுல உள்ள இருக்கற பேக்லைட்ங்கற பழைய கால பிளாஸ்டிக் கருகி விரிஞ்சிருக்கும்.

லேம்ப்ப கவுத்துப் போட்டா அடில வெல்வெட் துணியோ அட்டையோ ஒட்டியிருக்கும், பிளேடால ஓரத்த மெதுவா கிளப்புங்க, திரும்ப ஒட்டிக்கலாம். உள்ள கனத்துக்கு ஒரு இரும்புத் தட்டும், நடுக்குழாயப் பிடிச்சுட்டு ஒரு நட்டும் இருக்கும். பழைய வயரை வெட்டி மேல இருந்து உருவுங்க, ஆனா உருவறதுக்கு முன்னாடி அது வால்ல ஒரு சணல் கயித்தைக் கட்டி விட்டீங்கன்னா அதப் பிடிச்சே புது வயரை இழுத்துக்கலாம், இல்லன்னா வளைஞ்ச கழுத்து இருக்கற லேம்ப்ல அரை நாள் போயிடும். த்ரீ கோர் வயர் குழாய்க்குள்ள நுழையலன்னா பதறாதீங்க, அடித்தட்டு உள்ள வரைக்கும் மேல்தோலோட கொண்டு வந்துட்டு, குழாய்க்குள்ள மட்டும் பிரவுனையும் நீலத்தையும் ஸ்லீவ் போட்டு அனுப்புங்க, பச்சைக்கு மேல போக வேலையே இல்ல, அது அடியிலயே முடிஞ்சுடும்.

இப்போ அந்த ஓட்டை. உருட்டு அரம் இருந்தா விளிம்ப நல்லா ராவி, விரல் ஓட்டுனா கீறாத அளவுக்குக் கொண்டாந்துட்டு புஷ்ஷ அமுக்குங்க. வயர் உள்ள வந்ததும் ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கிடணும், குழந்தை வயரைப் பிடிச்சு இழுத்தா அந்த இழுப்பு கிளாம்ப்லயே நிக்கணும், ஹோல்டர் ஸ்க்ரூ வரைக்கும் போகக் கூடாது. குழாயோட மேல் நுனியும் கூர்மையா இருக்கும், அங்கயும் ஸ்லீவ் ரெண்டு இஞ்ச் வெளிய நீட்டிட்டு இருக்கட்டும்.

எர்த்துதான் முக்கியம். பச்சை மஞ்சள் வயரை லக்ல அமுக்கி, அடில இருக்கற நட்டுக்குக் கீழ வச்சு இறுக்குங்க, அதுக்கு முன்னாடி அந்த இடத்துல பாலிஷையும் களிம்பையும் எமரி பேப்பர்ல தேச்சு பித்தளை பளிச்சுனு தெரியணும், களிம்பு மேல வச்சு எவ்ளோ இறுக்கினாலும் அது எர்த் ஆகாது. டாப் உள்ள எல், என், ஈ-ன்னு போட்டிருக்கும், பிரவுன் எல்லுக்கு, நீலம் என்னுக்கு, பச்சை பெரிய பின்னுக்கு. டாப்க்குள்ள பச்சையை மட்டும் மத்த ரெண்டை விட கொஞ்சம் நீளமா விடுங்க, என்னைக்காவது வயர் பிடுங்கிட்டு வந்தாலும் எர்த் கடைசியாத்தான் பிடுங்கும். பின் டைப் ஹோல்டர்ல (பல்ப அமுக்கித் திருப்பி மாட்டறது) எந்த வயர் எதுல போனாலும் ஒண்ணுதான், திருகு டைப்னா பிரவுன் நடு முனைக்குப் போகணும், மரைக்குப் போகக் கூடாது. இழைகள முறுக்கி, ரெண்டா மடிச்சு ஸ்க்ரூ கீழ விடுங்க. ஓட்டைல நுழையலன்னு நாலு இழைய வெட்டி விடறது, ஈயம் பத்த வைக்கறது ரெண்டுமே வேண்டாம், ஈயம் நாள்பட அமுங்கி ஸ்க்ரூ லூசாயிடும். பழைய லேம்ப்ல சுவிட்ச் இருந்தா அது பிரவுன் வயர்லதான் வரணும்.

சொருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர பீப் அடிக்கற மோடுல வச்சு, பல்பு இல்லாம, லேம்ப் சுவிட்ச் ஆன்ல இருக்கறப்போ பாருங்க. பெரிய பின்னுக்கும் பித்தளைக்கும் பீப் அடிக்கணும். கழுத்து, அடி, ஹோல்டர் மேல் மூடி எல்லாத்துலயும் அடிக்கணும், சில லேம்ப்ல மூட்டு லூசா இருந்தா கழுத்துக்கு மேல எர்த் வராது. சின்னப் பின் ரெண்டுக்கும் பித்தளைக்கும் அடிக்கவே கூடாது, சின்னப் பின் ரெண்டுக்கு நடுவுலயும் அடிக்கக் கூடாது. இதுல ஒண்ணு தப்புனாலும் சொருகாதீங்க, திரும்பக் கவுத்துப் போடுங்க.

ஒரு சங்கடம் சொல்லியே ஆகணும். கும்பகோணம் பக்கம் பழைய வீடுகள்ல சாக்கெட்ல மூணு ஓட்டை இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னாடி வயரே இருக்காது. அப்போ நீங்க போட்ட எர்த் வெறும் அலங்காரம். அத எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க, அதோட மெயின் போர்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற சுவிட்ச்) இருக்கான்னும் கேளுங்க. எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறி ஓடுனா கட் பண்ற சுவிட்ச்) இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க, அது வயரைக் காப்பாத்தறதுக்கு, ஆளைக் காப்பாத்த இல்ல. உடம்பு வழியா ஓடற கரண்ட் ஆளைக் கொல்லவே போதும், ஆனா 6 ஆம்பியர் எம்சிபிக்கு அது வந்ததே தெரியாது.

பல்பு 9 வாட்ஸ் எல்இடி போடுங்க, ஷேடும் கருகாது.

கேள்வி (தேனி வாசகர்): கிழிஞ்ச இடத்துல மட்டும் இன்சுலேஷன் டேப் சுத்துனா போதாதா?

பதில்: கம்பத்துக்குப் போறப்போ பஸ் சக்கரத்துல டேப் சுத்தியிருந்தா ஏறுவீங்களா? வெயில்ல பசை இளகி டேப் நழுவிடும், ரப்பர் உதிர்ற வயர்னா டேப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உதிரத்தான் செய்யும். மொத்தமா மாத்துங்க.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): வீட்ல அரிக்கேன் விளக்கு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள கரண்ட் பல்பு வச்சு வாசல்ல தொங்க விட ஆசை. டேங்க்ல துளை போட்டு வயர் விடலாமா?

பதில்: டேங்க்ல டிரில் வைக்காதீங்கம்மா, எவ்ளோ வருஷம் காலியா இருந்தாலும் ஓரத்துல மண்ணெண்ணெய் வாடை நிக்கும், டிரில் பொறிக்கு அது போதும். வாசல்ல தொங்கறதுன்னா மழைச் சாரலும் உண்டு, சுத்தி முழுக்க தகரம், அதுக்குள்ள 230 வோல்ட் எதுக்கு? கண்ணாடிக்குள்ளயே அஞ்சு வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் ஒண்ண சுருட்டி வச்சு, மொபைல் சார்ஜர வீட்டுக்குள்ள சொருகி மெல்லிசு வயரை மட்டும் வெளிய விடுங்க. வார்ம் ஒயிட் கேட்டு வாங்குங்க, வெள்ளை வெளேர்னு இருக்கறது போட்டா அரிக்கேன் மாதிரியே இருக்காது, மெடிக்கல் ஷாப் மாதிரி இருக்கும்.